விமானத்தின் வாலில் ஒரு கயிறு

விமானத்தின் பின்னால் ஒரு கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு பறந்தால் அந்தக் கயிறு எப்படி வளையும், எப்படி ஆடும்? கேட்பதற்குச் சின்னப் பிள்ளையின் கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் ஏரோநாட்டிக்கல் படிப்பவர்களின் கடைசி வருட புராஜெக்ட்டுக்கு இது அருமையான தலைப்பு. பெரிய காற்றுச் சுரங்கம் வேண்டாம், பணம் வேண்டாம், ஒரு கம்ப்யூட்டர் போதும். கயிற்றை நூறு மணிகளாக வெட்டி, மணிக்கும் மணிக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங் போட்டு, மென்பொருளில் ஓடவிட்டால் திரையில் பாம்பு மாதிரி ஒரு கோடு நெளியும். இழுவிசை அதிகமான இடம் சிவப்பு, குறைந்த இடம் நீலம். வைவா நாளன்று பார்ப்பவர்கள் எல்லோரும் "ஆஹா" என்பார்கள்.

அந்த "ஆஹா"வுக்குப் பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "காற்று கயிற்றின் மீது தரும் விசைக்கு என்ன எண் போட்டாய், அது எங்கிருந்து வந்தது?" பெரும்பாலும் பதில் வராது. வந்தால், "சாஃப்ட்வேரில் ஏற்கெனவே இருந்தது சார்" என்று வரும்.

இந்தத் துறையில் வேலையின் கஷ்டம் முழுவதும் கயிற்றில் இருப்பதாக நினைப்பதுதான் கோளாறு. கயிறு சாது. அதன் சமன்பாடு நியூட்டனின் இரண்டாம் விதிதான்: ஒரு சிறு துண்டின் நிறை பெருக்கல் முடுக்கம் என்பது இரு பக்கமும் இழுக்கும் இழுவிசையின் வித்தியாசம், எடை, காற்று தரும் விசை மூன்றின் கூட்டல். (டென்ஷன் என்றால் பரீட்சைக்கு முதல் நாள் வருவது அல்ல, இந்த இழுவிசைதான்.) முதல் இரண்டும் பளிச்சென்று தெரிந்தவை. மூன்றாவதுதான் வில்லன். அவனுக்கு இரண்டு கையாட்கள், கயிற்றின் மேல்முனையும் கீழ்முனையும். மணிகளின் எண்ணிக்கையை ஆயிரம் ஆக்கினாலும் இந்த மூன்று பேரையும் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை.

முதலில், விமானத்தின் பின்னால் யார் எதைக் கட்டி இழுக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். கடற்கரை மேலே பறக்கும் விளம்பரத் துணியை விடுங்கள், அது எல்லோருக்கும் தெரியும். பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காகத் துணிக்குழாயை இழுத்துப் பறந்திருக்கிறார்கள். கீழே இருப்பவர்கள் நிஜக் குண்டுகளால் அதைச் சுடுவார்கள். கயிறு எவ்வளவு நீளம் என்பது அந்த விமானிக்கு எவ்வளவு முக்கியம் என்று யோசித்துக்கொள்ளுங்கள் :-) போர் விமானங்கள் ஏவுகணையை ஏமாற்ற ஒரு போலியைக் கம்பியில் பின்னால் விடுகின்றன. பூமிக்கடியில் தாதுவும் நீரும் தேடுபவர்கள் ஹெலிகாப்டரின் கீழே அளவுக் கருவியைத் தொங்கவிடுகிறார்கள். பறந்துகொண்டே எரிபொருள் கொடுக்க ஒரு குழாயை விடுகிறார்கள். எல்லாமே ஒரே சமன்பாடு. ஆனால் ஒவ்வொருவரும் அதனிடம் கேட்கும் கேள்வி வேறு.

நேராகப் பறக்கும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இருந்த ராயல் ஏர்கிராஃப்ட் எஸ்டாப்ளிஷ்மெண்டில் ஹெர்மன் கிளாவர்ட் என்று ஒரு கணித மேதை வேலை பார்த்தார். காற்றாடி இறக்கைகளைப் பற்றிப் படிப்பவர்களுக்கு அவர் பெயர் பழக்கமாக இருக்கும். அவர் 1930இல் எடையில்லாத மெல்லிய கம்பியால் இழுக்கப்படும் பொருளின் நிலைத்தன்மையைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை எழுதினார். 1934இல் கனமான கேபிளைப் பற்றி இன்னொன்று. கம்ப்யூட்டர் இல்லாத காலம். பென்சிலும் காகிதமும்தான். அதே 1934 ஆகஸ்டில், ராணுவப் பொறியாளர்கள் மரக்கட்டைகளை வெடிவைத்துத் தகர்ப்பதைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது தெறித்து வந்த ஒரு துண்டு பட்டு இறந்துபோனார். வயது 41.

அந்தப் பென்சில் காலத்துக் கணக்கு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று பார்க்க ஒரு கால்குலேட்டர் போதும். 4 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட எஃகுக் கம்பி. ஒரு மீட்டரின் எடை கிட்டத்தட்ட 1 நியூட்டன். முனையில் எதுவும் கட்டவில்லை. இழுபடும் கம்பி வளைவாகத் தொங்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சீரான காற்றில் அது வளையாது. நேர்கோடாகச் சாய்ந்து நிற்கும். எந்தக் கோணத்தில் கம்பியின் எடையும் காற்று அதைக் குறுக்கே தள்ளும் விசையும் சரிசமமாகின்றனவோ அந்தக் கோணம். கடல்மட்டக் காற்றில், நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில், காற்றுத் தடைக் கெழு 1.1 என்று வைத்துக்கொண்டால் கோணம் கிடைமட்டத்திலிருந்து சுமார் 21 டிகிரி வருகிறது. 500 மீட்டர் கம்பி விட்டால் முனை 182 மீட்டர்தான் கீழே இறங்கும். வேகத்தை 100 மீட்டர் ஆக்கினால் கோணம் 11 டிகிரிக்குக் குறைந்துவிடும். அதே 500 மீட்டர் கம்பி 94 மீட்டர்தான் இறங்கும். கம்பியின் நீளத்தைக் கூட்டினால் கோணம் மாறாது, கம்பி வால்தான் நீளும்.

இப்போது அந்த 1.1ஐ 1.3 ஆக மாற்றிப் பாருங்கள். வழவழப்பான கம்பிக்குப் பதில் முறுக்கிய கம்பி, அல்லது கம்பி காற்றில் லேசாக அதிர்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். 182 மீட்டர் 169 ஆகிறது. 13 மீட்டர் வித்தியாசம். கம்பியை 50 மணியாக வெட்டினாலும் 5000 மணியாக வெட்டினாலும் இந்த 13 மீட்டரில் ஒரு சென்டிமீட்டரைக்கூடச் சரிசெய்ய முடியாது. ஒரு மின்விசிறி, ஒரு தராசு, அரை நாள் பொறுமை இருந்தால் அந்தக் கெழுவைச் சுமாராக அளந்துவிடலாம். அந்த அரை நாளை யாரும் செலவழிப்பதில்லை. ஆறு மாதத்தை மணிகளுக்குச் செலவழிக்கிறார்கள்.

கெழுவில் இன்னொரு வம்பும் உண்டு. காற்று கம்பியைக் குறுக்கே தள்ளுவது ஒரு கணக்கு, கம்பியின் நீளவாக்கில் உரசிக்கொண்டு போவது இன்னொரு கணக்கு. உரசலின் எண் மிகச் சின்னது. சின்னதுதானே என்று பூஜ்யம் போட்டுவிடுபவர்கள் ஏராளம். கம்பியின் கோணத்துக்கு அது பரவாயில்லை. ஆனால் கம்பி கிலோமீட்டர் கணக்கில் நீளமாக, வேகமாக இழுக்கப்படும்போது அந்தச் சின்ன உரசல்கள் சேர்ந்துகொண்டே போய் மேல்முனையின் இழுவிசையில் உட்கார்ந்துகொள்ளும். கம்பி அறுமா அறாதா என்பதைச் சொல்லும் எண் அது. கோணம் வேண்டும் என்றால் ஒரு மாடல், கம்பி பிழைக்குமா என்றால் வேறு மாடல். "எல்லாவற்றையும் சொல்லும் மாடல்" என்று யாராவது ஆரம்பித்தால் பர்ஸைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்வது நல்லது.

நேராகப் பறந்தால் முனை கீழே இறங்காது என்றால், ஒரு காட்டுக்குள் இருப்பவரின் கையில் பறக்கும் விமானத்திலிருந்து ஒரு பொட்டலத்தைக் கொடுப்பது எப்படி? இறங்க ஓடுபாதை கிடையாது. 1950களில் ஈக்வடாரின் அமேசான் காட்டில் நேட் செயின்ட் என்ற மிஷனரி விமானி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு நீளமான கயிற்றின் முனையில் வாளியைக் கட்டி வெளியே விட்டு, விமானத்தை வட்டமடிக்க வைத்தார். வாளி மெல்ல மெல்ல உள்வாங்கி, வட்டத்தின் நடுவே கிட்டத்தட்ட அசையாமல் நின்றது. கீழே இருப்பவர்கள் வாளியிலிருந்து பொருளை எடுத்தார்கள், பதிலுக்கு ஏதாவது வைத்தார்கள். 1955இன் கடைசி மாதங்களில் வவோரானி மக்களுக்கு இப்படித்தான் பரிசுகள் இறங்கின. அவர்களும் தங்கள் பரிசுகளை மேலே அனுப்பினார்கள். 1956 ஜனவரி 8 அன்று, ஆற்று மணல் திட்டில் இறங்கிய நேட் செயின்டும் நான்கு தோழர்களும் ஈட்டியால் கொல்லப்பட்டார்கள். அது வேறு கதை, நீண்ட கதை.

வாளி ஏன் நடுவில் நிற்கிறது? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டால், திருவிழா ராட்டினத்தில் சங்கிலியில் தொங்கும் இருக்கைகள் மாதிரி வாளி வெளியே வீசப்பட வேண்டும். அது உள்ளே வருவதற்குக் காரணம் காற்றுத் தடைதான். வாளிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் கயிறு, காற்றை எதிர்த்து அதை முன்னோக்கி இழுக்க வேண்டும். முன்னோக்கி என்றால் வாளி போகும் வட்டத்தின் தொடுகோட்டுத் திசை. வட்டத்தின் மீது ஒரு புள்ளியில் நின்று தொடுகோட்டின் வழியே நாலடி நடந்தால் வட்டத்துக்கு வெளியேதான் போய் நிற்க வேண்டும். ஆக இழுக்கும் துண்டு எப்போதும் பெரிய வட்டத்தில், இழுபடும் துண்டு சின்ன வட்டத்தில். துண்டு துண்டாகக் கீழே வர வர வட்டம் சுருங்கிக்கொண்டே போகிறது. டிரெய்லர் லாரி முச்சந்தியில் திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கம் வெட்டிக்கொண்டு நடைபாதையில் ஏறுகிறதே, அதே வடிவியல்தான்.

செயின்டிடம் வகைக்கெழுச் சமன்பாடு எதுவும் இல்லை. அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: வாளி நிற்குமா? பறந்து பார்த்துத் தெரிந்துகொண்டார். கணிதம் வேண்டாம் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. காற்றுத் தடையை எடுத்துவிட்டு ஒரு மாடல் போட்டிருந்தால் அது "வாளி வெளியே பறக்கும்" என்று அழகான வண்ணப்படத்தோடு சொல்லியிருக்கும். விடையில் கொஞ்சம் பிழை என்றால் பரவாயில்லை. இது திசையே தலைகீழ்.

இதே வட்டத்தை அமெரிக்கக் கடற்படை பிரம்மாண்டமாகச் செய்கிறது. கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி அனுப்ப மிகக் குறைந்த அதிர்வெண் ரேடியோ வேண்டும், மற்ற அலைகள் உப்புநீருக்குள் இறங்காது. 20 கிலோஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 15 கிலோமீட்டர். அதற்கு ஏற்ற ஆண்டெனாவும் கிலோமீட்டர்களில்தான் இருக்கும். அதனால் டகாமோ என்ற திட்டத்தில், 1960களிலிருந்து ஹெர்குலிஸ் விமானங்களும், 1989இலிருந்து போயிங் 707 வழிவந்த இ-6 விமானங்களும் சுமார் 8 கிலோமீட்டர் கம்பியை வாலில் விட்டு, இறுக்கமான வட்டம் அடித்துக்கொண்டே இருக்கும். கம்பியின் பெரும்பகுதி முடிந்தவரை செங்குத்தாகத் தொங்க வேண்டும், அப்போதுதான் செய்தி போகும். அந்தச் செய்தி அணுகுண்டுப் போர் பற்றியதாக இருக்கலாம் என்பதால், "கம்பி கொஞ்சம் சாய்ந்துவிட்டது, மன்னிக்கவும்" என்று சொல்ல முடியாது.

அசையாத காற்றில் இந்தக் கணக்கு பிரமாதமாக வருகிறது. விமானத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு பார்வையாளருக்குக் கம்பி உறைந்துபோன ஒரு சுருள் வடிவமாகத் தெரியும். நேரம் என்ற மாறியே சமன்பாட்டிலிருந்து காணாமல் போய்விடும். ஆனால் 8 கிலோமீட்டர் உயரத்துக்குக் காற்று ஒரே மாதிரி வீசுமா என்ன? மேலே ஒரு வேகம், கீழே ஒரு வேகம், திசையும் வேறு. விமானம் ஒரு சுற்று வரும்போது பாதி வட்டத்தில் கம்பியின் அடிப்பகுதிக்கு எதிர்க்காற்று, மீதி வட்டத்தில் பின்காற்று. விளைவு, கம்பியின் கீழ்முனை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ஏறி இறங்குகிறது. யோ-யோ என்றே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கம்பியின் இழுவிசையும் அதோடு ஏறி இறங்கும். சாய்வுக் கோணத்தைச் சுற்றின் ஒரு பகுதியில் கூட்டி, இன்னொரு பகுதியில் குறைத்து இதை அடக்குவது எப்படி என்று 1990களின் தொடக்கத்தில் ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. உறைந்த சுருள் மாடலில் இந்த யோ-யோவை எத்தனை மணி போட்டாலும் பார்க்க முடியாது. காற்றை ஒரே எண்ணாக எழுதிய அந்த முதல் வரியிலேயே அது கொலை செய்யப்பட்டுவிட்டது.

வட்டத்தில் இன்னொரு கண்ணிவெடியும் இருக்கிறது. 1970களிலேயே ஆய்வாளர்கள் காட்டிய விஷயம் இது: ஒரே கயிறு, ஒரே வேகம், ஒரே வட்டம், ஆனால் கயிறு நிலைகொள்ளக்கூடிய வடிவங்கள் ஒன்றுக்கு மேல் இருக்கலாம். கீழ்முனை சின்ன வட்டத்தில் சுற்றுவது ஒன்று, பெரிய வட்டத்தில் சுற்றுவது இன்னொன்று. வேகத்தை மெதுவாகக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் முனை சட்டென்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். திரும்பக் குறைத்துக்கொண்டு வந்தால் அதே இடத்தில் திரும்பித் தாவாது. சிமுலேஷனை ஒரே ஒரு ஆரம்ப நிலையிலிருந்து ஓடவிடுபவருக்கு ஒரே ஒரு விடைதான் கிடைக்கும். அவர் அதுதான் விடை என்று ரிப்போர்ட்டில் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்துவிடுவார். பென்சிலால் சமநிலைச் சமன்பாட்டை எழுதிப் பார்த்தவருக்கு மூன்று விடை தெரிந்திருக்கும். அதில் எதை நம்புவது என்று தூக்கம் கெட்டிருக்கும். அந்தத் தூக்கமின்மைதான் பொறியியல்.

உயிர்ப் பிரச்சினை வருவது எரிபொருள் குழாயில். 1923 ஜூன் 27 அன்று சான் டியாகோ மேலே இரண்டு அமெரிக்க ராணுவ விமானங்கள் முதன்முறையாகக் குழாய் வழியே வானில் எரிபொருள் மாற்றிக்கொண்டன. அதே வருடம் நவம்பரில் டெக்சாஸின் கெல்லி களத்தில் நடந்த காட்சியில் குழாய் விமானங்களில் சிக்கிக்கொண்டு, எரிபொருள் கொடுத்த விமானத்தின் விமானி உயிரிழந்தார். இந்தத் தொழில்நுட்பத்தின் முதல் பலி ஐந்தே மாதத்தில். பிறகு இங்கிலாந்தில் ஆலன் கோபமின் ஃப்ளைட் ரீஃப்யூவலிங் நிறுவனம் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கும் முறையைக் கொண்டுவந்தது. டேங்கர் விமானம் குழாயை விடும். குழாயின் முனையில் இறகுப்பந்து மாதிரி ஒரு புனல் இருக்கும், விமானிகள் அதைக் கூடை என்பார்கள். வாங்கும் விமானம் தன் மூக்கருகே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியைக் கூடைக்குள் செருக வேண்டும். 1949 ஆகஸ்டில் ஒரு மீட்டியர் ஜெட் இந்த முறையில் 12 மணி நேரத்துக்கும் மேலாகத் தரையிறங்காமல் பறந்தது.

செருகும்போது கூடை கொஞ்சம் முன்னே தள்ளப்படும். குழாயில் தொய்வு வரும். டேங்கரில் இருக்கும் உருளை அந்தத் தொய்வை உடனே சுருட்டிக்கொள்ள வேண்டும். உருளை தூங்கிவிட்டாலோ, வாங்குபவர் அவசரப்பட்டு வேகமாக மோதினாலோ, தொய்வு ஓர் அலையாகக் குழாயில் மேலே ஓடும். டேங்கரில் முட்டித் திரும்பும். சாட்டையைச் சொடுக்குவது மாதிரிதான். அலையின் வேகம் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இழுவிசை குறைந்த இடத்துக்கு வர வர அலை மெதுவாகும், அதன் உயரம் கூடும். திரும்பி வரும் அந்தச் சாட்டையடி விழுவது வாங்குபவரின் குச்சியில். அதனால்தான் குச்சியின் நுனியை வேண்டுமென்றே பலவீனமாகச் செய்து வைக்கிறார்கள். நுனி உடைந்து போகட்டும், விமானம் தப்பட்டும் என்று. ஒரு வடிவமைப்பாளர் தன் கணக்கை எவ்வளவு நம்புகிறார் என்பதற்கு அந்த நுனிதான் நேர்மையான சாட்சி.

இங்கே ஒரு கணிதச் சிக்கலும் ஒளிந்திருக்கிறது. வளையும்போது எதிர்ப்பே தராத நூல் என்றுதான் பெரும்பாலான மாடல்கள் கயிற்றை எடுத்துக்கொள்ளும். இழுவிசை இருக்கும்வரை அது சரி. தொய்வு வந்து இழுவிசை பூஜ்யத்தைத் தொடும் கணத்தில் அந்தச் சமன்பாடு கைவிரித்துவிடும். அலையின் வேகம் பூஜ்யம், குழாய் எப்படி மடங்கும் என்று சொல்ல எந்த விசையும் மிச்சமில்லை. அப்போது குழாயின் வளைவு விறைப்பைச் சேர்த்தே ஆக வேண்டும். அதாவது மாடல் எந்த நொடியில் உடைகிறதோ, அதே நொடியில்தான் நிஜத்தில் குச்சியும் உடைகிறது. அந்த நொடியில் மென்பொருள் எண்களை ஊதித்தள்ளினால், பலரும் செய்வது, கொஞ்சம் செயற்கைத் தணிப்பைச் சேர்த்துப் படத்தை அடக்குவது. படம் அடங்கிவிடும். சுத்தமான போங்காட்டம். அடக்கியது எதை என்பதுதான் கேள்வி.

"அப்படியானால் மணி மாடலே வீணா?" என்று கேட்பவர்களுக்கு: வீணே இல்லை. சாட்டையடியைக் கணக்கிட அதைவிட வசதியான வழி கிடையாது. கிளாவர்ட்டின் பென்சில் அங்கே போகாது. ஆனால் அதற்கும் விலை உண்டு. எஃகுக் கம்பியில் நீளவாக்கு அலை நொடிக்கு 5000 மீட்டர் போகும். குறுக்கலையோ நொடிக்குச் சில பத்து மீட்டர்தான். ஒரு மீட்டருக்கு ஒரு மணி என்று வைத்தால், கணக்கு வெடிக்காமல் இருக்க ஒவ்வொரு எட்டும் நொடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். ஒரு நிமிடம் ஓட்ட மூன்று லட்சம் எட்டுகள். மணிகளை இரட்டிப்பாக்கினால் எட்டும் இரட்டிப்பாகும், வேலை நான்கு மடங்கு. கம்பி நீளாது என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை போய்விடும், ஆனால் நீளவாக்குத் துள்ளலும் கூடவே போய்விடும். எதை விடலாம் என்று முடிவெடுக்கக் கேள்வி என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். மென்பொருளுக்கு அது தெரியாது.

மனிதர் இல்லாமல் எரிபொருள் வாங்க வைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கவனிப்பது நல்லது. 2006 ஆகஸ்டில் நாசாவின் டிரைடன் மையம் ஓர் எஃப்-18 விமானத்தை, விமானி கையை எடுத்துவிட்ட நிலையில், ஒரு 707 டேங்கரின் கூடையில் செருக வைத்தது. 2015 ஏப்ரலில் ஆளில்லாத எக்ஸ்-47பி அதையே செய்தது. கூடை நேராக நின்று வாங்கிக்கொள்ளாது. அதைக் காற்றின் குமுறல் ஆட்டும். நெருங்கி வரும் விமானத்தின் மூக்கு தள்ளும் காற்றும் கூடையை ஒதுக்கிவிடும். குழாயின் ஒவ்வொரு நெளிவையும் முன்கூட்டியே கணித்துச் செருகுவது என்று உட்கார்ந்திருந்தால் இன்னும் உட்கார்ந்திருப்பார்கள். நாசா சோதனையில், செயற்கைக்கோள் இடங்காட்டியால் நெருங்கி, கடைசியில் ஒரு கேமராவால் கூடையையே பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டார்கள். மாடல் அங்கேயும் உண்டு. ஆனால் அதன் வேலை கூடை எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் ஆடும் என்ற எல்லையைச் சொல்வது. கூடை இந்த நொடியில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பொறுப்பைக் கண்ணிடம் விட்டுவிட்டார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போனவர்களும் உண்டு. விமானத்தின் உயரமானி சரியாகச் சொல்கிறதா என்று சோதிக்க, விமானத்தால் கலங்காத காற்றின் அழுத்தம் வேண்டும். முன்பு அதற்காக மீன் மாதிரி ஒரு கனமான உருளையைக் கேபிளில் கட்டிக் கீழே தொங்கவிட்டார்கள். மெதுவாகப் பறக்கும்வரை அது ஒழுங்காக இருந்தது. வேகம் கூடக் கூட அது மேலே ஏறி, கேபிளோடு சேர்ந்து ஆட ஆரம்பித்தது. கிளாவர்ட் 1930இல் பயந்த அதே நிலைத்தன்மைப் பிரச்சினை. இந்த ஆட்டத்தை இன்னும் துல்லியமாகக் கணக்கிட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். அதற்குப் பதில் கனத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, மெல்லிய நீண்ட குழாயின் முனையில் துளைகள் போட்ட ஒரு இலேசான கூம்பைக் கட்டினார்கள். எடை கீழே இழுக்காது, கூம்பின் காற்றுத் தடை பின்னால் இழுக்கும். வேகம் கூடினால் அந்த இழுப்பும் கூடும், குழாய் இன்னும் விறைப்பாகும். எந்த எதிரி இவ்வளவு நேரம் படுத்தினானோ அவனையே கூலிக்கு அமர்த்திக்கொண்டார்கள். புது விமானங்களின் சோதனைப் பறப்புப் படங்களை அடுத்தமுறை பார்க்கும்போது வாலின் உச்சியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கிருந்து ஒரு மெல்லிய கோடு ஆடாமல் நேராகப் பின்னால் போகும், அதன் கடைசியில் அந்தக் கூம்பு இருக்கும்.